மூன்றாம் எண் கிடார்

ரியேக்கா நகரப் பொழுதுபோக்கு இசைஞர் சங்கத்தின் உறுப்பினர் கையேட்டில் இப்படி அச்சாகியிருக்கிறது: "நெவியோ சுபெரினா. பேஸ் கிடார். தீவிரமாக இயங்கிவரும் இசைஞர். நடன விருந்து, திருமணம், முகமூடித் திருவிழா ஆகியவற்றுக்கு அழைக்கலாம்."

பெயர் சரிதான். கிடார் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம், ஒன்றா இரண்டா என்று சொல்லவில்லை, அவ்வளவே. மற்றபடி நெவியோவை எந்த நடன விருந்துக்கும் யாரும் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் நிச்சயம் போயிருப்பார்; மேடையில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, அதன் சொந்தக்காரர் யார் என்று விசாரித்துவிட்டு, பாட்டு தொடங்குமுன் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

உத்தியோகம் குடிநீர் அலுவலகத்தில். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்க வேண்டும். இந்த ஊரில் மீட்டர் இருப்பது நிலவறையில், பழைய கிடார்கள் கிடப்பதும் நிலவறையில். பேஸ் கிடார் தேடி அலைகிற ஒரு மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை எந்த நகராட்சியும் யோசித்து உருவாக்கியிருக்க முடியாது. "மேடம், உங்க குழாயில கசிவு இருக்கு" என்று அவர் ஆரம்பித்தால், முடிக்கும்போது மேடத்தின் செத்துப்போன கணவரின் கிடார் பெட்டி திறந்திருக்கும்.

வாங்குவார், கழுத்தை நேராக்குவார், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றுவார், புதுக் கம்பி போடுவார், வேறொருவரிடம் கொடுத்து இன்னும் நல்ல ஒன்றை எடுத்துக்கொள்வார். அதையும் இதே பாடு படுத்துவார். நல்லதிலிருந்து அதைவிட நல்லதற்கு ஏறிக்கொண்டே போனார். ஏறிப் போய் எந்த மாடியில் நின்று வாசிக்கப் போகிறார் என்பதை அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வாசிக்கத் தெரிந்தது மூன்று துண்டு. ஒன்று, தடித்த கம்பி அதிர்கிறதா என்று பார்க்க. இன்னொன்று, கழுத்தின் மேல்பக்கம் கம்பி எங்காவது இடிக்கிறதா என்று பார்க்க. மூன்றாவது கொஞ்சம் இனிமையாக இருக்கும். அது வாங்க வந்தவரின் மனதை இளக்க.

இப்படிப்பட்டவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? இல்லை. குவார்னர் வளைகுடா முழுக்கத் தேடினாலும் நெவியோவைப்போல நேர்மையாகக் கிடார் விற்கிறவர் கிடைக்கமாட்டார். "பின்பக்கம் பெல்ட் கொக்கி கீறியிருக்கிறது. ஒரு ஸ்க்ரூ அசலானது அல்ல. முந்தைய சொந்தக்காரர் புகைபிடிப்பவர்" என்று எழுதித்தான் விளம்பரம் போடுவார். கேட்ட கேள்விக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

முதல் அழைப்பு என்று, கிடார் மாற்றிக்கொள்கிற எங்கள் கூட்டத்துக்குள் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் எனக்கு ஒரு கிடாரைக் கொடுத்தால், பிறகு நான் அதை விற்கும்போது முதலில் உங்களைத்தான் கூப்பிட வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் மற்றவருக்கு. பலர் இதை மறந்துவிடுவார்கள். நெவியோ மறக்கமாட்டார். பூலாவில் ஒருவரைப் புதைத்துவிட்டு வீட்டார் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தம்பிக்குப் போன் செய்து, "உங்க அண்ணன் எனக்குக் கொடுத்த கிடார் பெடல் இன்னிக்கு விற்பனைக்கு வருது. முதல் அழைப்பு அவருக்குத்தான். அவர் இல்லாததால உங்களக் கேக்கறேன்" என்றவர் அவர். தம்பி அழுதாராம். மரியாதை என்றால் இதுதான் என்று நெவியோ அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் ஷ்குரின்யே பகுதியில் பேப்போவின் கராஜில் கூடுவோம். பேப்போ டயர் கடைக்காரர், டிரம் வாசிப்பவர், முகமூடித் திருவிழாக் காலத்தில் மலைமேல் ஊர்களின் நடன விருந்துகளில் வாசிக்கும் குழுவுக்குத் தலைவர். பல் மருத்துவர் சௌரோ வருவார். எங்கள் கூட்டத்தில் மிகச் சிறந்த கருவிகள் அவரிடம், மிக மோசமான வாசிப்பும் அவருடையதே. பொரித்த மத்தி மீன், தண்ணீர் கலந்த ஒயின், பிரித்துப்போட்ட கிடார்கள். ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவார்.

கொராடோ லெனாட்ஸ் அங்கே மீனுக்காக மட்டும் வருகிறவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். பேப்போவின் குழுவில் இளவயதிலிருந்து பேஸ் வாசிப்பவர். வைத்திருந்தது ஒரே கிடார். கப்பல் சமையல்காரராக இருந்த மாமா ஜப்பானில் கோபே துறைமுகத்தில் வாங்கிவந்தது. சமையலடுப்பு கனம் கனக்கும். அதில் என்ன பிக்கப் என்று சௌரோ ஒருமுறை கேட்டார்.

"ரெண்டு கறுப்புப் பொட்டி இருக்கு."

"சரி, கம்பி மாத்தினது எப்ப?"

"பணம் மாறினப்போ."

"யூரோ வந்தப்பவா?"

"சே, அது இப்பத்தானே. அதுக்கு முந்தின தடவை, தினார் போய்க் குனா வந்தப்ப."

கராஜே சிரித்தது. ஆனால் அந்தக் கம்பிகள்தான் கொராடோ. மேலே தட்டையாக உலோகப் பட்டை சுற்றிய கம்பிகள்; நுனியில் சுற்றியிருந்த ஊதாப் பட்டுநூல் வெளுத்துச் சாம்பலுக்குப் பாதி வழி போயிருந்தது. வியர்வையும் அழுக்கும் முப்பது வருடமாக ஏறி ஏறி, அவை ஒலிப்பதையே நிறுத்திவிட்டு வேறொன்று செய்ய ஆரம்பித்திருந்தன: ஈர மணலில் ஒரு கனத்த ஆள் கால் வைப்பதுபோல ஒரு சத்தம். அது கேட்டால் மலைமேல் கிழவிகள்கூட நாற்காலியிலிருந்து எழுந்து ஆடுவார்கள். வருடத்தில் மற்ற நாட்களில் கொராடோ தோள்வலிக் கிழவர். திருவிழாச் சனிக்கிழமைகளில் மட்டும், மேடையின் இடது மூலையில், அவர் ஓர் ஆள்.

அந்தத் தோள்வலி வழியாகத்தான் நெவியோ உள்ளே நுழைந்தார்.

"கொராடோ, இத மாட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க நிக்கறியே, உன் தோளு உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"பழகிருச்சு."

"பழகல. தேஞ்சிருச்சு. இதத் தூக்கிப் பாரு. பஞ்சு! சின்னக் கழுத்து, புது பிக்கப், எல்லாம் நானே பாத்துப் பாத்து மாத்தினது. உன் அடுப்பக் குடுத்துட்டு இத எடுத்துக்கோ. கைமேல காசு வேண்டாம், சரிக்குச் சரி."

"எனக்கு மறுபடி வேணும்னா?"

"முதல் அழைப்பு உனக்குத்தான். நெவியோ வார்த்தை."

நெவியோ வார்த்தை என்றால் எல்லோருக்கும் தெரியும். கொராடோ மாற்றிக்கொண்டார்.

இலேசான கிடார் உண்மையிலேயே நல்ல கிடார். நெவியோ ஒரு குறையும் மறைக்கவில்லை. கொராடோவின் தோள் தேறியது, வாசிப்பு படுத்துவிட்டது. குத்தி எடுக்கிற விரல் அவருக்கு. அந்தப் பஞ்சில் அது கிணிங் கிணிங் என்றது. ஜனவரி ஒத்திகையில் பேப்போ குச்சிகளைக் கீழே வைத்தார்.

"என்னடா இது, கூண்டுக்குள்ள குருவி கத்துது?"

"பழகிக்கிடறேன் பேப்போ."

"பெரிய விருந்து பிப்ரவரியில. குருவிக்கு எவன் ஆடுவான்? உன் பழைய சத்தம் வேணும். இல்லன்னா நான் ஓர்னெலாவக் கூப்பிடறேன். என்னத் திட்டாத, சொல்லிட்டேன்."

ஓர்னெலா இசைப்பள்ளி ஆசிரியை. ஸ்வரத்தாளைப் பார்த்து எதையும் பிசகில்லாமல் வாசிப்பாள். கொராடோவுக்குத் தாளில் இருப்பது ஒயின் கறை மட்டும்தான் படிக்கத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை கொராடோ இலேசான கிடாரைப் பையோடு எடுத்துவந்து நெவியோவின் முன்னால் சாய்த்து வைத்தார்.

"இந்தா. என்னோடதக் குடு."

"எதுக்கு?"

"முதல் அழைப்புன்னு சொன்னியே."

"சொன்னேன். விக்கும்போது உன்னத்தான் கூப்பிடுவேன். இப்ப நான் விக்கலையே." நெவியோவின் குரலில் துளிக் கேலி இல்லை. சட்டம் படித்தவர்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லமாட்டார்.

பேப்போவுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், மனுஷனாய்யா நீ? ஒரு கழுத்துல ஒரு கைய வச்சு வாசிக்கக்கூடத் தெரியாது உனக்கு. அவன் பொழப்புய்யா அது! குடுத்துத் தொலையேன்."

எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கும்போது முடியாது என்று சொல்கிற ஆள் இல்லை நெவியோ; அவருக்குப் பெயர் முக்கியம். மீன் முள்ளை நிதானமாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"சரி. அவனுக்கு அது அவ்வளவு உசிருன்னா சத்தத்த வச்சே தெரிஞ்சுக்கணும்ல? அடுத்த சனிக்கிழமை நாலு கிடார் கொண்டாரேன். அவன் சுவத்தப் பாத்து உக்காரட்டும், போர்வைக்குப் பின்னால நான் வாசிக்கறேன். அவனோடது எதுன்னு சரியாச் சொல்லிட்டா அங்கயே எடுத்துக்கலாம், சரிக்குச் சரி. சொல்லலைன்னா கிடார் எங்கிட்டயே இருக்கும், திரும்ப இந்தப் பேச்சே வரக்கூடாது."

போர்வைச் சோதனை எங்களுக்குப் பழக்கம்தான். சௌரோ புதுசாக ஏதாவது வாங்கும்போதெல்லாம் வைப்போம். அவர் ஒவ்வொரு முறையும் பேப்போவின் மட்டமான கிடாரைத் தன்னுடையது என்று சொல்லித் தோற்பார்.

கொராடோ சிரித்தேவிட்டார். "என் குரல எனக்குத் தெரியாதா? ஒத்துக்கிட்டேன்."

அந்தச் சனிக்கிழமை தெற்குக் காற்று வீசியது. எல்லோருக்கும் தலைவலி, எல்லோருக்கும் எரிச்சல்; எங்கள் ஊரில் அந்தக் காற்றின் குணம் அது. கராஜின் குறுக்கே கம்பளி தொங்கியது. கொராடோ சுவரில் தொங்கிய டயர் கம்பெனி நாள்காட்டியைப் பார்த்தபடி பீப்பாய்மேல் உட்கார்ந்தார், தேவாலயத்துக்குப் போவதுபோல இஸ்திரி போட்ட சட்டையோடு. நெவியோ திரைக்குப் பின்னால் போவதற்கு முன் அறிவித்தார்: "கோபே கிடாரச் சுத்தம் பண்ணியிருக்கேன். புதுக் கம்பி போட்டிருக்கேன். முன்கூட்டியே சொல்லிடறேன், அப்புறம் யாரும் குறை சொல்லக்கூடாது."

எங்களில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. வாங்கியதும் கம்பி மாற்றுவது அவர் வழக்கம். எங்கள் எல்லோருடைய வழக்கமும்தான். கொராடோவும் தலையை ஆட்டினார். கம்பி என்பது என்ன, சட்டைக்குப் பொத்தான் மாதிரி. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார், பாவம். தன் சத்தம் மரத்தில் இருக்கிறது, மாமாவின் மரத்தில்.

முதல் எண். மூன்று துண்டுகள். கொராடோ கையை அசைத்தார்: அடுத்தது.

இரண்டாம் எண். மூன்று துண்டுகள். பளபளவென்று, கண்ணாடிக் குவளைகளை அடுக்குவதுபோலச் சத்தம். "எவனோடதுடா இது, சர்க்கரை போட்ட மாதிரி?" என்றார் கொராடோ.

மூன்றாம் எண். முதல் துண்டின் நடுவிலேயே கொராடோ எழுந்துவிட்டார்.

"இதுதான்! நிறுத்து. இல்ல, நிறுத்தாத, வாசி." சுவரைப் பார்த்தபடியே இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஊன்றினார். முதுகே சிரித்தது. "கண்ணக் கட்டிக் கப்பல்ல ஏத்தினாலும் இத நான் சொல்லுவேன்டா. பேப்போ, கேளு! அந்த மணல் கேக்குதா?"

"நாலாவதையும் கேட்டுட்டுச் சொல்லு" என்றார் நெவியோ, திரைக்குப் பின்னாலிருந்து.

"வேண்டாம்."

"விதின்னா விதி."

நாலாவதையும் கேட்டார். "மூணாவது" என்றார். "சத்தியமா மூணாவது."

நெவியோ கம்பளியை விலக்கினார். மூன்றாம் எண் தாங்கியில் நின்றது ஒரு பழைய செக் நாட்டுக் கிடார், யாரோ படகுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை அதற்கு அடித்திருந்தார்கள். இரண்டாம் எண்ணில் இருந்தது கோபே கிடார்.

எங்கள் கராஜில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் எழுந்ததில்லை. கொடூரமாகச் சிரிக்க எங்களுக்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. வருடக்கணக்காக இவர் ஒருவர்தான் கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எங்கள் எல்லோரையும்விட நன்றாக வாசித்தவர்.

"ஷியோர் கொராடோ!" சௌரோ எழுந்து தலை வணங்கினார், இத்தாலிக் கனவான்களை அழைக்கிற மரியாதையில். "அடுத்த தடவை உங்க மனைவியையும் போர்வைக்குப் பின்னால நிறுத்திப் பாக்கலாமா? நாலு பேர்ல கண்டுபிடிச்சுருவீங்களா?"

"படகு கிடாரு, படகு கிடாரு!" என்று யாரோ மேசையில் தாளம் போட்டார்கள்.

கொராடோ பச்சைக் கிடாரை நோக்கிக் கை நீட்டினார். அதற்குள் சௌரோ அதைத் தூக்கி மாட்டிக்கொண்டு கொராடோவைப்போல இடுப்பை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். ஒருமுறை தொட்டிருந்தால் விரல் சொல்லியிருக்கும். தொடவில்லை.

கோபே கிடாரை நெவியோ அவர் மடியில் வைத்தார். துடைத்த உடம்பு, புதுக் கம்பி. கொராடோ ஒரு சுரம் தட்டினார். கண்ணாடிக் குவளை.

"இதுவா என்னோடது?"

"பின்பக்கம் பாரு. உன் பெல்ட்டுக் கீறல்."

கொராடோ திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவினார். அவருடைய கீறல்தான். நெவியோ பொய் சொல்வதில்லை.

"ஆமா. இதுதான்." மெதுவாகக் கிடாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேப்போவைப் பார்த்தார். "ஓர்னெலாவக் கூப்பிட்டுரு."

"டேய், இது வெளையாட்டுடா..."

"இல்லடா. கிரேன் சத்தத்துல காது போயிருக்கும், எனக்குத்தான் தெரியல. என் கிடாரயே தெரியாதவன் உனக்கு எதுக்கு?"

சிரிப்பு அடங்கியது, ஆனால் மீன் ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். நெவியோ இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பெரிய விருந்தில் ஓர்னெலா வாசித்தாள். நன்றாக வாசித்தாள், கிழவிகள் ஆடினார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கொராடோவுக்கு நல்லதாக இருக்கும், ஆனால் ஆடினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கரடி முகமூடி நின்றது. ஒயின் வாங்கவில்லை, யாரோடும் ஆடவில்லை, மேடையின் இடது மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அது யார் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். முகமூடி போட்டவரைப் பெயர் சொல்லி அழைப்பது எங்கள் ஊரில் நாகரிகமில்லை; அதனால் யாரும் பேசவில்லை. எங்கள் நாகரிகம் சில நேரம் எங்களுக்கு மிக வசதியாக அமைந்துவிடும்.

திருவிழா முடிந்து நோன்புக் காலம் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை. சோதனைக்குப் பிறகு மூலையிலேயே கிடந்த பச்சைக் கிடாரைப் பேப்போ சும்மா எடுத்துத் தட்டினார். இன்னொருமுறை தட்டினார். பிறகு அதன் தலைப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கம்பி முனையில், திருகாணியைச் சுற்றி, வெளுத்த ஊதாப் பட்டுநூல்.

"நெவியோ, இதுல இருக்கறது யார் கம்பி?"

"கொராடோவோடது" என்றார் நெவியோ உடனே. கேட்ட கேள்விக்கு அவர் என்றைக்குப் பொய் சொன்னார்?

"எப்ப மாட்டின?"

"சோதனைக்கு முந்தின நாள்."

"அப்ப அவன் சரியாத்தானே சொன்னான்?"

"சோதனை கிடாருக்கு. கம்பிக்கு இல்ல. புதுக் கம்பி போட்டிருக்கேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். பழசு எங்கன்னு எவனாவது கேட்டீங்களா?"

பேப்போ கிடாரை மேசைமேல் வைத்தார். "அவன் மூணாவதத்தான் சொல்லுவான்னு உனக்கு எப்படிய்யா தெரியும்? ரெண்டாவதச் சொல்லியிருந்தா?"

நெவியோ உண்மையாகவே வியந்தார். "சொல்லமாட்டான். நான் வாசிச்சாக்கூடத் தன் சத்தத்த அவன் கண்டுபிடிச்சிருவான். இந்தக் கரையோரத்துல அந்த மாதிரிக் காது வேற யாருக்கு இருக்கு?"

அவர் சொன்னது உண்மை. அன்று கராஜில் இருந்தவர்களில் கொராடோவின் காதை முழுசாக நம்பியவர் நெவியோ ஒருவர்தான். கொராடோகூட நம்பவில்லை.

பேப்போ அன்றைக்கே கொராடோவின் வீட்டுக்குப் போனார். சமையலறையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். கொராடோ கடைசிவரை கேட்டார்.

"அப்ப நான் கேட்டது சரி."

"சரிதான்டா."

"மணல்தான் அது."

"ஆமா."

கொராடோ, "ஓர்னெலா அடுத்த வருஷத்துக்கும் ஒத்துக்கிட்டாளா?" என்று கேட்டார்.

பேப்போ தொப்பியைக் கையில் சுருட்டினார். "ஒத்துக்கிட்டா. விருந்தன்னிக்கே கேட்டுட்டேன். வாக்குக் குடுத்துட்டேன்டா."

"நல்லாத்தான் வாசிக்கறா" என்றார் கொராடோ.

வசந்தத்தில் உதினே நகரத்திலிருந்து ஒருவர் கோபே கிடாரைக் கேட்டார். நெவியோ முதலில் போன் செய்தது கொராடோவுக்கு. புதுப் பிக்கப், கம்பியைத் தாங்கும் புதுப் பிரிட்ஜ், நேராக்கிய கழுத்து, மேம்படுத்தியதால் ஏறிய விலை, எல்லாவற்றையும் விடாமல் சொன்னார்.

"கிடாரு வேண்டாம்" என்றார் கொராடோ. "அந்தக் கம்பிய மட்டும் குடு."

"அது பச்சைக் கிடாரோட போயிருச்சே. ஓபாத்தியாக்காரன் ஒருத்தன் வாங்கிட்டுப் போனான். கம்பி செத்துப்போயிருக்குன்னு கழட்டித் தூக்கிப் போட்டுட்டானாம்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. முதல் அழைப்பு?"

"கம்பிக்கு அந்த வழக்கம் கிடையாதே, கொராடோ."

இந்த உரையாடலை நெவியோவே எங்களுக்குச் சொன்னார், வழக்கத்தை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார் என்பதற்கு உதாரணமாக. கிடார் உதினேவுக்குப் போனது. அதற்கு மாற்றாக வந்ததைவிட நல்ல ஒன்று பிறகு வந்தது. இப்போது அதைவிடவும் நல்ல ஒன்று வரப்போகிறது. சங்கத்தின் இந்த ஆண்டுக் கையேட்டில் அவர் இன்னும் தீவிரமாக இயங்கிவரும் இசைஞர். கொராடோ சந்தாவைப் புதுப்பிக்காததால் அவர் பெயர் இல்லை.

கொராடோவின் காது துல்லியமாகக் கேட்கும் என்று தெரிந்துகொண்டு, சோதனைக்கு முந்தின நாள், நெவியோ சுபெரினா அவருடைய கிடாரிலிருந்து நான்கு கம்பிகளைக் கழற்றி வேறொரு கிடாரில் மாட்டினார்.